சைக்கிள் வேண்டுதல்

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டினேன். என் மனைவி சத்துணவுக் கூடத்தில் சமைத்தாள். இரண்டு பேரும் ஓய்வு பெற்றாயிற்று. நான் ஓட்டிய வேனைப் பள்ளியில் வேண்டாம் என்று தள்ளினார்கள். நானே வாங்கிக்கொண்டேன்.

சீட்டுகளைக் கழற்றினேன். இரண்டு பேர் படுக்கிற மாதிரி பலகை அடித்தேன். ஒரு கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன், மடக்கு மேசை, ஜன்னலுக்குத் திரை. பின்பக்கம் இரண்டு சைக்கிள் மாட்ட இரும்புக் கொக்கி வைத்து வெல்டிங் செய்தேன். மஞ்சள் மேல் வெள்ளை அடித்தேன். நல்ல வெயிலில் பார்த்தால் மஞ்சள் இன்னும் தெரியும்.

சைக்கிள் அவள் யோசனை. சத்துணவுக் கூடத்துக்கு அவள் சைக்கிளில்தான் போவாள். முன்னால் காய்கறிப் பை தொங்கும். பின்னால் முட்டைத் தட்டு கட்டியிருக்கும். "முட்டை உடையாம ஓட்டியே காலம் போச்சுங்க. ஒண்ணுமே ஏத்தாம ஒரு தடவை ஓட்டணும்" என்றாள்.

"எங்க போயி?"

"எங்கயாவது. நீங்க வண்டியில கொண்டுபோய் நிறுத்துங்க. நான் ஓட்டுறேன். நீங்களும் ஓட்டுங்க, தொப்பை குறையும்."

இவ்வளவுதான் திட்டம். ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்ப வேண்டியது. மரம், தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டியது. சைக்கிளை இறக்கி ஓட்ட வேண்டியது. ஆக்கித் தின்று தூங்க வேண்டியது. மறுபடி கிளம்ப வேண்டியது.

எங்களுக்கு ஒரே மகள். உறையூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கல்யாணமாகிப் பல வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. வைத்தியம் பார்த்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி நாங்கள் அவளிடம் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதுதான் நல்லது என்று நினைத்திருந்தோம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் தன் மாமியாரோடு வீட்டுக்கு வந்தாள். சம்பந்தியம்மா எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத ஆள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார். வாசலில் நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, சினிமாக்காரங்க கேரவன் மாதிரி பண்ணி வச்சிருக்கீங்க?"

"சும்மா படுக்கத்தாங்க" என்றேன்.

"படுக்க வீடு இல்லையா?"

நான் சிரித்து வைத்தேன். அவர் பின்பக்கம் போய் சைக்கிள் பெல்லை ஒரு தரம் அடித்துப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு" என்றாள் மனைவி.

"ரெண்டு பேரும் ஜோடியா சைக்கிள் விடப் போறீங்களா? நல்ல கூத்து. பேரன் பேத்தியைத் தூக்கிட்டுத் திரிய வேண்டிய வயசுல..."

அதோடு நிறுத்திக்கொண்டார். வேண்டுமென்றே சொன்னதல்ல. வாயில் வந்துவிட்டது. என் மகள் வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் என் மனைவி சொன்னாள். "வேண்டுதல் சம்பந்தியம்மா. இவளுக்காகத்தான். கோயில் கோயிலாப் போறதா வேண்டிக்கிட்டிருக்கோம். கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்திட்டு, மிச்சத் தூரத்தை சைக்கிள்ல போய்க் கும்பிடுறதுன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒரு வேண்டுதலே இல்லை. ஆனால் சம்பந்தியம்மாவின் முகம் மாறிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு சைக்கிளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தெரியாமப் பேசிட்டேன். நடந்து போறவங்க இருக்காங்க, உருளுறவங்க இருக்காங்க. இதுவும் அந்த மாதிரிதானே" என்றார்.

 போகும்போது மகள் எங்கள் இரண்டு பேர் காலிலும் விழுந்து எழுந்தாள். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அவர்கள் போன பிறகு மனைவியிடம் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்றது? ஊர் சுத்திப் பாக்கப் போறோம்னா? புள்ளை அப்படி நிக்குது, பெத்தவங்க ஜாலியாப் போறாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

அவள் சொன்னதும் சரிதான். எங்களைப் போன்றவர்கள் வெளியூர் போக ஒரு காரணம் வேண்டும். கல்யாணம், சாவு, கோயில், ஆஸ்பத்திரி. சும்மா போகிறோம் என்று சொல்லி நாங்கள் எங்கேயும் போனதில்லை. அதை எப்படிச் சொல்வது என்றே எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் கிளம்பினோம். முதலில் முக்கொம்பு. அணைக்குப் பக்கத்தில் மரநிழலில் வண்டியை விட்டேன். நிறுத்தியதும் நாலு பேர் வந்துவிட்டார்கள். "ஷூட்டிங்கா அண்ணே? உள்ள யாரு, ஹீரோயினா?" என்று ஒருவன் கேட்டான். கதவைத் திறந்து என் மனைவி கையில் வெங்காயத்தோடு இறங்கினாள். "நான்தான்பா ஹீரோயின். கையெழுத்து வேணுமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

சைக்கிளை இறக்கினேன். ஆற்றங்கரையோரம் ஓட்டினோம். எனக்கு ஸ்டியரிங் பிடித்த கை. ஹேண்டில்பார் ஆடியது. அவள் முன்னால் போய்விட்டு, திரும்பி வந்து, என்னைச் சுற்றிக்கொண்டு மறுபடி போவாள். "பிரேக்கை விடுங்க, பிரேக்கை விடுங்க" என்று கத்துவாள். சாயங்காலம் ஆற்று மீன் வறுத்து விற்றார்கள். வாங்கி வந்து வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கை கழுவும் முன்பே போன் வந்தது. மகள்.

"அம்மா, இன்னைக்கு எந்தக் கோயில்?"

மனைவி என்னைப் பார்த்தாள். "குணசீலம்" என்றாள்.

"நல்லாக் கும்பிட்டியா?"

"ம்."

"அம்மா, நானும் கவுச்சி விட்டுட்டேன். மீன், கறி, முட்டை ஒண்ணும் தொடுறதில்ல. நீங்க வர்ற வரைக்கும். தரையிலதான் படுக்குறேன். அவரும் விட்டுட்டாரு. அத்தைதான் சொன்னாங்க, பெத்தவங்க அவ்வளவு கஷ்டப்படும்போது நீங்க சும்மா இருக்கலாமான்னு."

"நீ எதுக்குடி அதெல்லாம்?"

"இருக்கட்டும்மா. எனக்கும் நல்லாத்தான் இருக்கு. அப்பாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு? சைக்கிள் மிதிக்க முடியுதா? பாவம்மா அவரு."

மேசையில் மீன் முள் கிடந்தது. மனைவி போனை வைத்தாள். தட்டை எடுத்துக் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

மறுநாளே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. காலையில் எழுந்தால் ஆறு தெரிந்தது. அவள் டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து குடித்தோம். இவ்வளவு நாள் காலையில் நான் வண்டியில் இருப்பேன், அவள் அடுப்பில் இருப்பாள். சேர்ந்து டீ குடித்த ஞாபகமே இல்லை. இன்னும் ஒரு நாள் என்று நினைத்தேன். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள்.

இப்படியே முசிறி, துறையூர் என்று போனோம். வாய்க்கால் கரை கண்ட இடத்தில் சைக்கிள். சாயங்காலமானால் போன். ஒரு நாள் திருவெள்ளறை என்றாள். இன்னொரு நாள் துறையூர் பெருமாள்மலை என்றாள். ஒரு கோயிலுக்குள்ளும் நாங்கள் போகவில்லை. போகத் தைரியம் வரவில்லை. வண்டியில் இருந்தபடி கோபுரத்தைப் பார்த்து அவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். மகள் "பிரசாதம் எடுத்து வைம்மா" என்பாள். "வச்சிருக்கேன்" என்பாள் இவள்.

ஒரு நாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "ஏங்க, நெசமாவே நாம அவளுக்காக வேண்டிக்கிட்டதே இல்ல, தெரியுமா?"

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். ஆஸ்பத்திரிக்குத் துணை போனோம். பேசாமல் இருந்தோம். ஒரு விளக்குக்கூடப் போட்டதில்லை.

"இப்ப வேண்டிக்குவோம்" என்றேன்.

"பொய்யில ஆரம்பிச்சதைச் சாமிகிட்ட எப்படிங்க கொண்டுபோறது? அவளுக்கு ஏதாவது ஆயிடும்."

"அப்ப அவகிட்ட சொல்லிடு."

"நீங்க சொல்லுங்க."

இரண்டு பேரும் சொல்லவில்லை.

உப்பிலியபுரம் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் ஒரு மரவள்ளிக் காட்டுக்காரர் மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் வண்டியை விடச் சொன்னார். தண்ணீர் இருந்தது. மலைக்குப் போகும் ரோட்டில் பஸ் எப்போதாவதுதான் வரும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிப் போய், அங்கிருந்து மிதிக்காமல் இறங்கி வரலாம். மனைவிக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. இங்கேயே இருப்போம் என்றாள்.

அன்று சாயங்காலம் மகள் கேட்டதற்கு அவள் சொன்ன பதில்தான் எல்லாவற்றுக்கும் காரணம். "இங்க மலை அடிவாரத்துல ஒரு அம்மன் இருக்குடி. சின்னக் கோயில்தான். ரொம்பச் சக்தியாம். புள்ள வேணும்கிறவங்க மரத்துல தொட்டில் கட்டுவாங்களாம்."

போனை வைத்ததும் கேட்டேன். "எந்த அம்மன்?"

"எந்த அம்மனும் இல்ல. இருக்கிற சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னா நாக்கு கூசுதுங்க. அதான் இல்லாத சாமியாச் சொன்னேன். இல்லாத சாமிக்குக் கோவம் வராதுல்ல."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அதைத்தான் இப்போது நினைத்தால் தாங்க முடியவில்லை.

அங்கே சிக்னல் சரியில்லை. பிறகு போன் வரவில்லை. வராதது நிம்மதியாக இருந்தது. அதற்கு முன் கடைசியாக மாப்பிள்ளை ஒரு தரம் கூப்பிட்டு, "எங்க மாமா நிக்கிறீங்க?" என்று கேட்டிருந்தார். மோட்டார் கொட்டகை, மரவள்ளிக் காடு என்று அடையாளம் சொன்னேன். விசாரிக்கிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. காட்டுக்காரர் வீட்டில் நாட்டுக்கோழி கொடுத்தார்கள். நான் வண்டிக்கு வெளியே அடுப்பை வைத்துக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். மனைவி சைக்கிளோடு மலை ரோட்டில் ஏறிப் போயிருந்தாள். ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மகளும் மாப்பிள்ளையும் இறங்கினார்கள்.

மகள் மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். இளைத்திருந்தாள். தலைக்குக் குளித்து நுனி முடிச்சுப் போட்டிருந்தாள். மாப்பிள்ளை கையில் தேங்காய் பழப் பை. அவள் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"போனே போகலப்பா. லீவுதானே, நாங்களும் வந்து ஒரு கோயிலாவது உங்களோட கும்பிடலாம்னு வந்துட்டோம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல ஏறி, துறையூர்ல மாறி வந்தோம்." பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். சின்ன மரத்தொட்டில். "கோயில் கடையில வாங்குனா மஞ்சத்துணி நல்லா இருக்காதுன்னு நானே துணி தச்சு வச்சேன். அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்களா?"

நான் கரண்டியோடு நின்றேன். மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். "மாமா, கறி வாசனை வருது."

"காட்டுக்காரங்க வீடாயிருக்கும்" என்றாள் மகள். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மலை ரோட்டிலிருந்து மணிச்சத்தம் கேட்டது. மனைவி இறங்கி வந்துகொண்டிருந்தாள். முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தாள். பெடலிலிருந்து இரண்டு காலையும் எடுத்து அகல நீட்டியிருந்தாள். "ஏங்க, பாருங்க, பாருங்க!" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். கிட்ட வந்ததும் மகளைப் பார்த்தாள். பிரேக் பிடித்தாள். சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்றது.

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கோயில் எங்கப்பா?"

"கோயில் இல்லம்மா" என்றேன்.

"இங்க இல்லையா?"

"எங்கயும் போகல. வேண்டுதல் எதுவும் இல்ல. சும்மாதான் வந்தோம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. தொட்டிலைப் பழையபடி செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள். தாள் கிழிந்திருந்தது. சரியாகச் சுற்ற வரவில்லை. மனைவி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"உங்க அத்தை கேட்டப்ப வேற வழி தெரியலடி. உன்னைத்தான் சொல்ல வராங்கன்னு நெனச்சு..."

"சைக்கிள் ஓட்டப் போறோம்னு சொல்ல வேண்டியதுதானேம்மா. நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"நீ சொல்ல மாட்ட. ஊரு சொல்லும்."

"ஊரு என்னைத் தினம் சொல்லுது. அத்தை தெரு பூரா சொல்லி வச்சிருக்காங்க. 'உங்க அம்மா அப்பா எந்தக் கோயில்ல இருக்காங்க, ஏதாவது விசேஷம் உண்டா'ன்னு கடைக்காரன் வரைக்கும் கேக்குறான். நானும் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். என் குறையை ஆளாளுக்கு எதுக்காவது எடுத்துக்கிறாங்க. உங்களுக்கு ஊர் சுத்த எடுத்துக்கிட்டீங்க."

மனைவி கையை விட்டாள்.  குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அடுப்பை அணைத்தேன்.

மாப்பிள்ளை கொஞ்சம் தள்ளிப் போய் நின்றிருந்தார். வந்து அவளிடம் கேட்டார். "அப்ப நான் சாப்பிடலாமா?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சாப்பிடுங்க" என்றாள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது மாமா என்றார். அவள் தண்ணீர் மட்டும் குடித்தாள்.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "அத்தைகிட்ட நீங்களே வந்து சொல்லணும். நான் போய்ச் சொல்ல முடியாது." சரி என்றேன். அன்றைக்கே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு உறையூருக்கு ஓட்டினேன். மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்தார். அம்மாவும் மகளும் பின்னால் பலகையில். வழியெல்லாம் சைக்கிள் கொக்கியில் ஆடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. கண்ணாடியில் பார்த்தபோது மனைவி மகளின் தலைமுடிச்சை அவிழ்த்துப் பின்னிக்கொண்டிருந்தாள். மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். ஆனால் தலையை இழுத்துக்கொள்ளவில்லை.

வண்டியைப் பார்த்ததும் சம்பந்தியம்மா ஆரத்தி கரைத்துத் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார். நான் அதைச் சுற்ற விடவில்லை. நின்றபடியே சொன்னேன். வேண்டுதல் இல்லை, கோயிலுக்குப் போகவில்லை, மீன் தின்றோம், கோழி தின்றோம். மனைவி, "நான்தான் சொன்னேன், அவரு இல்ல" என்றாள். "நானும் சும்மா இருந்தேன்" என்றேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார்.  அவர் பேசாமலிருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"ஊர் சுத்தணும்னா சுத்துங்களேன். உங்க கால், உங்க வண்டி. நானா புடிச்சு வச்சேன்?"

"நீங்க கேட்டீங்க" என்றாள் மனைவி.

"நான் எல்லாத்தையும்தான் கேப்பேன். கேட்டா பதில் சொல்லியே ஆகணுமா?" பிறகு வண்டிப் பக்கம் நின்ற மகனைக் கூப்பிட்டார். "டேய், இவ்வளவு நாளா வெறும் ரசத்தைத் தின்னியேடா." மாப்பிள்ளை மதியம் சாப்பிட்டதைச் சொல்லவில்லை.

"தெருவுல எல்லார்கிட்டயும் நாங்களே சொல்லிடுறோம்" என்றேன்.

"வேணாம். அதை நான் பாத்துக்கிறேன்" என்றார். என்ன சொன்னார் என்று தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் மகளிடம் கேட்பதில்லையாம்.

வண்டி வாசலில் நிற்கிறது. மனைவி காலையில் வடக்குச் சித்திரை வீதி வரை சைக்கிளில் போய் வருகிறாள். யாராவது கேட்டால், "சும்மா" என்கிறாள். சொல்லப் பழகிக்கொண்டாள். மகள் எங்களோடு பேசுகிறாள். அடுத்த தடவை கல்லணைக்குப் போங்கள் என்றுகூடச் சொன்னாள்.

போன வாரம் உறையூருக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஆட்டுக்கறி எடுத்திருந்தார்கள். மகள்தான் சமைத்தாள். மாமியாருக்கு, மாப்பிள்ளைக்கு, எங்களுக்கு என்று வரிசையாகப் பரிமாறினாள். கடைசியில் அவளும் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். அவள் தட்டில் சோறும் ரசமும் மட்டும் இருந்தன.

மனைவி பார்த்தாள். நானும் பார்த்தேன். சம்பந்தியம்மாகூட ஏன் என்று கேட்கவில்லை. யாருக்காக இன்னும் விட்டிருக்கிறாள், எதுவரைக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. வேண்டுதல் பொய் என்று சொல்லிவிட்டோம். அவள் நினைத்துக்கொண்டதைப் பொய் என்று சொல்ல எங்களால் முடியாது.

"இன்னும் கொஞ்சம் போடவாப்பா?" என்றாள்.

போடு என்றேன். சாப்பிட்டேன். எழுந்திருந்தால் ஏன் என்று அவள் கேட்டிருப்பாள்.